மதிலில் விட்டுப்போன பாதிப் பாண்

தலைமைப் பீடத்தில் தளர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கும் வணக்கத்துக்குரிய போதகர் அவர்களே; அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் பள்ளிவாசல் மரைக்காயர்மார்களே; இடப்பக்கம் வீற்றிருக்கும் கோயில் வண்ணக்கர்மார்களே; சித்திரை மாதத்துக் குழப்பத்துக்குப் பிறகு இன்றுதான் முதல்முறையாக ஒரே வாங்கில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு ஊர்ப் பெரியோர்களே; சாய்ந்தமருதிலிருந்து முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு இந்த மழையில் நடந்து வந்த உம்மாமார்களே; காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே; எல்லோரையும் விட மேலாக, எனக்கு முன்னால் பாயில் பாதம் மடக்கி உட்கார்ந்திருக்கும் இந்த மன்னா இல்லத்தின் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் உரிய முகமன் எதுவோ, ஸலாமோ, வணக்கமோ, தோத்திரமோ, அதை உங்கள் வீட்டு வாசலில் வந்து நானே சொன்னதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் முனவ்வறா. சாய்ந்தமருதில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை கிறிஸ்தவர்களின் மேடையில் ஏறிப் பேசுவதா என்று என் தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்ல எனக்கு இன்று நேரமில்லை, மனமுமில்லை.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'மன்னா இல்லத்தின் மாண்பு'. நல்ல தலைப்பு; மோனையும் பொருந்தி வருகிறது. ஆனால் நாளை விடிந்தால் என்ன நடக்கப்போகிறது? லொறிகள் வந்து இந்தப் படலை வாசலில் நிற்கும். இந்தப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவற்றில் ஏறுவார்கள். பெண்பிள்ளைகள் மட்டக்களப்புக்கு, ஆண்பிள்ளைகள் மலைநாட்டுக்கு, சின்னஞ்சிறுசுகள் கொழும்புக்கு. இயேசு பாலன் பிறந்த நத்தார் நாள் வாசலில் வந்து நிற்கும் நேரத்தில் இந்த அனாதைப் பிள்ளைகள் இல்லத்து வளவுக்குப் பூட்டு விழுகிறது. இப்படி ஒரு நாளில் மாண்பு பேசுவது, சாவு நடந்த மையத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்வது போல. அந்த வேலை என்னால் முடியாது, தலைவர் அவர்களே. நான் கோதுமை மாவில் சுடும் வெறும் பாணைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பின்னாலிருந்து ஒரு தம்பி சிரிக்கிறார். சிரியுங்கள் தம்பி. பாணைப் பற்றித்தான்.

ஏழு வருடத்துக்கு முன், எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் அடித்த சூறாவளியை மறந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்களா? கூரையைத் தூக்கிய காற்று, குலையோடு தென்னையைச் சாய்த்த காற்று, குடும்பத்தோடு மனிதரைக் கொண்டுபோன காற்று! இந்த இல்லத்தின் தென்னந்தோட்டம் ஒரே இரவில் தரையில் படுத்தது. அந்தத் தோட்டந்தான் அதுவரை இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. தோட்டம் விழுந்தது, பிள்ளைகளோ கூடினார்கள். அந்தச் சூறாவளி பெற்றெடுத்த அனாதைகளில் ஒருத்தி, சாகாமத்துப் பக்கம் இடிந்த குடிசைக்குள்ளிருந்து, பால்மணம் மாறாத தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இங்கே வந்தாள். தவமணி அவள் பெயர். தம்பி குணம். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். இன்றைக்கும் அவள் கை அவன் கையைத்தான் பிடித்திருக்கிறது. பாருங்கள். நாளைக்கு அவள் மட்டக்களப்பு லொறி, அவன் மலைநாட்டு லொறி.

இந்த இல்லத்தின் தலைவி அன்னப்பாக்கியம் அம்மா மேடையில் இருக்கிறார். தலையை நிமிர்த்தவே மாட்டேன் என்கிறார். அன்று அவர் நிமிர்ந்துதான் நின்றார். வெளிநாட்டிலிருந்து வரும் உதவியை நம்பிக் கையேந்தி வளர்ந்த பிள்ளை நாளைக்கும் கையேந்தும், இவர்கள் உழைத்து உண்ணட்டும் என்றார். கடற்கரை மணலில் கத்தரி காய்க்குமா? காய்த்தது! சாணமும் சருகும் மீன் கழிவும் சுமந்து சுமந்து பிள்ளைகள் அந்த மணலை மண்ணாக்கினார்கள். விடியுமுன் மணி அடிக்கும், ஜெபம் முடியும், ஒரு கூட்டம் கிணற்றடித் துலாவுக்கு, ஒரு கூட்டம் ஆட்டுக்கொட்டிலுக்கு, ஒரு கூட்டம் கோழிக்கூட்டுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெண்டிக்கும் பயற்றைக்கும் இன்னொரு தடவை தண்ணீர். பெரிய பெண்பிள்ளைகள் தைத்த சட்டைகளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெருநாளைக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் இந்த இல்லத்தின் உயிர் எதில் இருந்தது? பின்வளவில் கட்டிய போறணை அடுப்பில் இருந்தது. பாண் சுட்டு விற்பது என்று முடிவெடுத்தார்கள். விறகு? விழுந்து கிடந்த தென்னைதான். எந்தக் காற்று அவர்களைத் தெருவில் விட்டதோ, அந்தக் காற்று சாய்த்த மரத்தை வெட்டி எரித்துப் பாண் சுட்டார்கள். முதன்முதலில் சுட்ட பாணை இந்த வளவு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாம். அம்மா, இப்போதாவது சிரித்துவிட்டீர்கள், நல்லது.

அந்தக் காலத்தில் பாணைப் பொங்க வைக்க மாவில் கள் விடுவார்கள். அன்னப்பாக்கியம் அம்மா ஒரு சொட்டுக் கள்ளும் இந்த வளவுக்குள் வரக்கூடாது என்றார். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் தின்னப்போகிற பாண், நாம் அறிந்து ஹறாம் கலக்கலாமா என்றார். எங்கள் ஊரில் எவரும் வந்து கேட்கவில்லை, கண்காணிக்கவில்லை. தானாகவே செய்தார். இப்படி ஒரு மனுசியை நான் எங்கே தேடுவேன்?

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர் றஸாக் காக்காவின், நீங்கள் சொல்லும் றஸாக் அண்ணனின், போறணை எரியாது. ஜும்ஆத் தொழுகைக்காக அன்று மூடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மன்னா இல்லத்துப் போறணை எரியாது. அன்று அவர்களுக்கு ஆராதனை. ஆகவே என்ன ஆயிற்று? வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் உங்கள் பாண். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பந்தியில் எங்கள் பாண். ஒப்பந்தம் உண்டா, ஒப்பம் உண்டா, சாட்சி உண்டா? ஒன்றுமில்லை. ஒரு போறணை ஓய்ந்தால் மறு போறணை எரியும், அவ்வளவுதான். வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு இறங்கியதாக உங்கள் வேதமும் சொல்கிறது, எங்கள் வேதமும் சொல்கிறது. எங்கள் தெருவுக்கு அது சைக்கிளில் இறங்கியது.

அந்தச் சைக்கிள் ஜவுபர் காக்காவுடையது. பின்னால் மரப்பெட்டி, முன்னால் மணி. வெள்ளிக்கிழமை விடிய இங்கே வந்து பாணை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருத்தெருவாக விற்பார். ஏற்றுமுன் ஒரு வழக்கம் உண்டு. போறணையிலிருந்து இறங்கும் முதல் பாணை, அன்று மா குழைத்த பிள்ளை கையால் இரண்டாக உடைக்க வேண்டும். ஒரு பாதி அந்தப் பிள்ளைக்கு. மறு பாதி ஜவுபர் காக்காவுக்கு. இதோ இந்தப் படலையடி மதிலில் வைத்து இருவரும் தின்பார்கள். பாண் எப்படி என்று அவர் தலையாட்டிய பிறகுதான் பெட்டி நிறையும். நோன்பு மாதத்தில் அவர் பகலில் தின்னமாட்டார் அல்லவா? அப்போது தன் பாதியைத் தோளில் கிடக்கும் துண்டில் முடிந்து எடுத்துப் போவார். மாலையில் மஃரிபுக்கு நோன்பு துறக்கும்போது பேரீச்சம்பழத்துக்கு அடுத்தது அந்தப் பாண்தான். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது. தவமணிதான் மா குழைப்பதில் கெட்டிக்காரி என்பதால் அனேகமாக உடைப்பதும் அவளே.

பிறகு இந்த வருடத்துச் சித்திரை வந்தது.

தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு ஊரும் மோதிய அந்தக் குழப்பத்தில் யார் தொடக்கினார், யார் அடக்கினார் என்று நான் பேச வரவில்லை. பேசினால் இந்த வாங்கு இப்போதே இரண்டாகும். வீதி அடைபட்டது, வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கமும் மையத்து விழுந்தது. அந்தப் புகையோடு சேர்ந்து ஒரு கதையும் கிளம்பியது. 'அவங்கட பாணுல என்னமோ கலந்திருக்காம்.' கேட்டீர்களா? கள் கூடக் கலக்காத கையில் நஞ்சு கலந்திருக்கிறதாம்! யார் கட்டிய கதை? எவருக்கும் தெரியாது. யார் காதுக்கு வந்தது? எல்லார் காதுக்கும் வந்தது. இந்த வளவுப் பிள்ளைகளின் காதுக்கும் வந்தது.

வீதி திறந்து, நோன்பும் பிறந்து, முதல் வெள்ளிக்கிழமை ஜவுபர் காக்கா சைக்கிளோடு வந்தார். அவர் வருவாரோ மாட்டாரோ என்று படலையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே, இந்தப் பிள்ளைகள் அன்றைக்குச் சுட்ட பாண் மாதிரி அதற்கு முன் ஒருநாளும் சுட்டதில்லை என்கிறார் அம்மா. வந்ததைக் கண்டதும் சின்னதுகள் கைதட்டினவாம். தவமணி முதல் பாணை உடைத்தாள். அவருடைய பாதியை மதிலில் வைத்தாள். அவர் பெட்டியை நிறைத்தார். மதிலைப் பார்த்தார். கையை நீட்டினார், எடுத்துக்கொண்டார். பிறகு பாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப மதிலிலேயே வைத்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

தாய்மாரே, அந்தப் பாதிப் பாணைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். தெருவில் போகிறவன் எவனோ சந்தேகப்பட்டால் அவள் தாங்கியிருப்பாள். தன் கையால் உடைத்ததை வருடக்கணக்கில் தின்ற மனிதர்! அவள் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "ஜவுபர் காக்காவும் நம்பிட்டார் அம்மா. நம்மட பாண அவரும் தொட்டுட்டு வச்சிட்டார்." அதற்குப் பிறகு அவள் மாவில் கை வைக்க மறுத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜவுபர் காக்கா வந்தபோது படலை சாத்திக் கிடந்தது. அன்னப்பாக்கியம் அம்மா உள்ளே நின்றபடியே சொன்னார்: "போறணை இடிஞ்சு போச்சு தம்பி. இனிப் பாண் இல்ல." பிள்ளைகள் இன்னொரு தடவை அவமானப்படக்கூடாது, வந்த மனிதர் முகமும் கோணக்கூடாது. அதற்காகச் சொன்ன பொய். அம்மா, நேற்று உங்களிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன், தலையசைத்தீர்கள். பொய்யே பேசாத மனுசி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார். சொன்ன பொய்யோடு படுக்க அவரால் முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்கே, பொழுது சாயுமுன், பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த நல்ல போறணையை அலவாங்குக் கம்பியால் இடிக்க வைத்தார். பொய்யை உண்மையாக்கிவிட்டார்!

உலகத்தில் வேறெங்காவது இப்படி நடக்குமா? பொய் சொன்னவர்கள் மறைப்பார்கள், மறுப்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். தன் நேர்மைக்காகத் தன் அடுப்பையே இடித்த கதையை நான் எந்த ஏட்டிலும் படித்ததில்லை.

எங்கள் பக்கம் என்ன நடந்தது? வெறும் பெட்டியோடு சைக்கிள் திரும்பியது. கதவோரம் நின்ற பெண்கள் ஏன் என்று கேட்டார்கள். போறணை இடிந்ததாம் என்றார் அவர். யார் நம்பினார்கள்? அவர்களுக்கு நமக்கு விற்க விருப்பமில்லை, அதைச் சொல்ல ஒரு சாட்டு என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் விற்காவிட்டால் நாங்கள் வாங்கமாட்டோம், கத்தரிக்காயும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், தைத்த சட்டையும் வேண்டாம். உங்கள் ரோசம் ஒரு பக்கம், எங்கள் ரோசம் மறுபக்கம். நடந்து வந்து ஏனென்று கேட்க இரண்டு ஊரிலும் கால் இருந்தவர் ஒருவர் இல்லையா? சந்தையில் சண்டை பிடிக்க வாய் இருந்தது, சந்தியில் நின்று சபதம் போட வாய் இருந்தது. ஏன் என்று கேட்க மட்டும் வாய் இல்லையா?

பிறகு நடந்ததை நீங்களே கண்டீர்கள். பாண் விற்று வாங்கிய தீனி இல்லாமல் கோழி போனது. ஆடு போனது. தையல் மெசின் போனது. சொந்தக் காலில் நிற்பதாகச் சொன்னீர்களே என்று கடல் கடந்த உதவியும் கையை விரித்தது. கடைசியில் திருச்சபை மேலிடம் பூட்டைக் கொடுத்தனுப்பியது.

இல்லத்தை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சென்ற கிழமை நான் இங்கே வந்தேன். இடிந்த போறணையின் கல்லில் உட்கார்ந்து தவமணி எனக்கு இதைச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நான் நேரே ஜவுபர் காக்காவின் வீட்டுக்குப் போனேன். ஏன் அந்தப் பாதியை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "டீச்சர், நான் வேணுமெண்டா உட்டுட்டு வந்தன்? சந்தியில பட்டாளக்காரங்க துவக்கோட நிக்கிறாங்க. துணியில எத முடிஞ்சு கொண்டு போனாலும் குண்டெண்டுதான் பாக்கிறாங்க. அதுக்கு முதல்நாள் ஒருத்தன்ட சோத்துப் பொட்டலத்த றோட்டுல கொட்டி அவன முழங்காலுல இருத்தினாங்க. நோன்பு, வாயில வைக்கவும் ஏலா. துண்டுல முடியவும் ஏலா. பெட்டிக்குள்ள போட்டா வித்துப்போகும், அது எனக்கெண்டு உடைச்ச பாண். புள்ளைகளுக்கு முன்னால பயந்துட்டன் எண்டு சொல்ல வெக்கம், அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு வந்தன். அடுத்த கிழமை படலையே தொறக்கல்ல."

இவ்வளவுதான். நஞ்சும் இல்லை, நம்பிக்கைக் கேடும் இல்லை. ஒரு துண்டுத் துணியில் ஒரு முடிச்சுப் போடப் பயந்த ஒரு நாள். அந்த ஒரு முடிச்சுக்காக ஒரு போறணை இடிந்தது, ஒரு வளவு வெறுமையானது, நாளைக்கு ஒரு அக்காவின் கையிலிருந்து ஒரு தம்பியின் கை பிரிக்கப்படப்போகிறது.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறது. முடிக்கிறேன், போதகர் அவர்களே.

தவமணி, குணம், இந்தப் பிள்ளைகள் இருவரையும் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நானே கூட்டி வந்து விடுகிறேன் என்றும் சொன்னேன். கிறிஸ்தவப் பிள்ளைகள் முஸ்லிம் வீட்டிலா என்று இங்கே மறுத்தார்கள். முஸ்லிம் வீட்டில் கிறிஸ்தவப் பிள்ளைகளா என்று அங்கே மறுத்தார்கள். இந்த வருடம் முழுவதிலும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக நின்றது அந்த ஒரு விசயத்தில்தான். மரியாதையாகத்தான் மறுத்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும்.

ஜவுபர் காக்கா இப்போது எங்கே நிற்கிறார் தெரியுமா? இந்தச் சபையில் இல்லை. படலைக்கு வெளியே, அதே மதிலோரம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறார். உள்ளே வரக் கூச்சம். றஸாக் காக்காவின் போறணையில் இன்று சுட்ட ஒரு பாணை என் கையில் தந்தார். "அந்தப் புள்ளட்டக் குடுத்து உடைக்கச் சொல்லுங்க டீச்சர். இப்ப நோன்பில்ல. அவள்ர கண்ணுக்கு முன்னால நிண்டு தின்னுறன்" என்றார். இதோ அந்தப் பாண். என் முந்தானைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுவந்தேன்.

தவமணி. மகள். எழும்பி வா. உன் கையால் இதை இரண்டாக உடை. பாதியை நீ எடுத்துக்கொள், பாதியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடு. எல்லோரும் பார்க்கட்டும்.

கொஞ்சம் பொறுங்கள், சபையோரே. கைதட்ட வேண்டாம். எழும்பிவிட்டாள். நிற்கிறாள். ஏன் மகள் நிற்கிறாய்? என்ன? சத்தமாகச் சொல்லு.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, கூரையில் மழை. நான் ஒலிவாங்கியில் சொல்கிறேன். "இப்ப என்னத்துக்கு டீச்சர்? போறணைதான் இல்லயே" என்று கேட்கிறாள்.

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேள்விகளை நானே கேட்டு நானே பதில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இது அவள் கேட்ட கேள்வி. மேடையில் இருக்கும் பெரியோரில் எவரிடமாவது இதற்குப் பதில் இருந்தால், இதோ ஒலிவாங்கியை விட்டுத்தருகிறேன். மரைக்காயர் அவர்களே? வண்ணக்கர் அவர்களே? போதகர் அவர்களே?

சரி. இரு மகள், தம்பிக்குப் பக்கத்தில் போய் இரு. அவன் உன் கையைத் தேடுகிறான்.

பாணை இந்த மேசையில் வைக்கிறேன். நான் போகும்போது அவளுடைய கேள்வியை ஜவுபர் காக்காவிடம் கொண்டுபோகிறேன். மழையில் வந்த தாய்மாருக்கு நன்றி. இரண்டாம் சீட்டு அனுப்பாத தலைவருக்கு நன்றி. கள் கலக்காத கைக்கு எங்கள் தெருவின் நன்றி, காலம் கடந்த நன்றி. நாளை வெள்ளிக்கிழமை. விடியும்போது எங்கள் ஊரில் போறணை எரியாது, இங்கேயும் எரியாது. பிள்ளைகளே, நீங்கள் இறங்கப்போகும் ஊர்களில் எவராவது உங்களிடம் ஏன் என்று கேட்கக்கூடியவர்களாக இருக்கட்டும். உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும், போய் வாருங்கள்.